சென்னைக்கு விடுமுறை, எங்களுக்குப் பள்ளி

2007 நவம்பர் என்று நினைக்கிறேன், நல்ல மழைக்காலம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்தேன். ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதில்தான் கம்ப்யூட்டர் பைத்தியம் என்னைப் பிடித்தது. பள்ளிக்குப் புதிதாக வந்த கணினிகளைத் தூசி படியாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். நான் அந்தத் துணிகளை எடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அவற்றின் முன்னால் உட்கார வைத்தேன்.

அந்தப் பீரியடுக்குச் 'செய்தி வகுப்பு' என்று பெயர். ஈமெயிலில் சுற்றி வரும் படங்களையும் தகவல்களையும் எடுத்துக்கொண்டு, இது நிஜம்தானா என்று துருவுவோம். யார் சொன்னது, எப்போது சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுப் பழகினோம். பிள்ளைகளுக்கு அது துப்பறியும் விளையாட்டு மாதிரி. மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள்.

இதையே வைத்து, குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் நடக்கவிருந்த மாவட்ட அளவிலான போட்டிக்கு ஒரு நிகழ்ச்சி தயாரித்தோம். கணினியில் படம் படமாக ஓட்டி, கூடவே பேச வேண்டும். பேசுவதற்கு ஒருத்தி. சண்முகம் ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருந்தவரின் மகள், அப்பாவை 'அத்தா' என்று கூப்பிடுகிறவள், வாய் ஓயாதவள். படங்கள் வரைந்தது அவளுடைய தோழி, வகுப்பில் குரலே கேட்காதவள். மவுஸைப் பிடித்து, கோடு கோடாக இழுத்து, காதில் செல்போன் வைத்த ஒரு காக்காயை உருவாக்கியிருந்தாள். அந்தக் காக்காய் கேட்டதையெல்லாம் ஊருக்குச் சொல்லி மாட்டிக்கொள்ளும். மேடையில் கணினியை ஓட்டப் போவதும் அவள்தான். பத்துப் பேர் முன்னால் நிற்கவே பயப்படுகிறவள், இதற்கு மட்டும் தானாகக் கை தூக்கியிருந்தாள்.

போட்டிக்கு முதல் நாள் மாலை மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. சேலையூரில் எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. அப்போது மயிலாப்பூரில் இருக்கும் என் நண்பரிடமிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது. மழை காரணமாக நாளை சென்னையில் பள்ளிகளுக்கு விடுமுறை.

எனக்கும் மழை லீவு பிடிக்கும். அதை ஏன் மறைக்க வேண்டும்? உடனே என்னிடம் எண் இருந்த பெற்றோருக்கெல்லாம், நாளை நமக்கு விடுமுறை என்று ஒரு வரி தட்டி அனுப்பினேன். படம் வரைந்தவளின் அப்பாவுக்கும் அது போனது. பேசப் போகிறவளின் வீட்டுக்கு, மெசேஜ் அனுப்பியது போதாதென்று நானே போனும் போட்டேன். அவளே எடுத்தாள்.

"நாளைக்கு லீவும்மா. போட்டியும் தள்ளிப் போயிடும். நிம்மதியா தூங்கு."

"டிவியில சொன்னாங்களா சார்? எங்க வூட்ல கரண்ட் இல்ல."

"நான் சொல்றேன் இல்ல? அப்புறம் எதுக்கு டிவி?"

"இல்ல சார், நீங்கதானே கேக்கச் சொல்லி..."

"வாத்தியார்கிட்டயே ஆரம்பிச்சுட்டியா? போனை அத்தாகிட்ட குடு."

மறுநாள் காலை சுள்ளென்று வெயில். பேப்பர் படித்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தபோது தலைமை ஆசிரியை கூப்பிட்டார்.

"எங்க சார் இருக்கீங்க? உங்க கிளாஸ்ல பாதி பெஞ்ச் காலி."

"இன்னைக்கு லீவாச்சே மேடம்?"

"சென்னைக்கு லீவு. நாம காஞ்சிபுரம் மாவட்டம். இதை நான் ஜியாகிரஃபி சொல்லிக் குடுக்கறவர்கிட்ட சொல்லணுமா?"

காது சுட்டது. தாம்பரத்துக்காரர்கள் எல்லோரும் முகவரியில் சென்னை என்றுதான் எழுதுவோம். பின்கோடும் சென்னையுடையது, ஓடும் மின்சார ரயிலும் சென்னையுடையது. ஆனால் எங்களுக்கு லீவு விட வேண்டியவர் காஞ்சிபுரம் கலெக்டர். இந்த மாவட்ட எல்லையை வருடா வருடம் மேப்பில் வரையச் சொல்லி, தப்பாக வரைந்த பிள்ளைகளை மறுபடி வரைய வைத்தவன் நான்.

போட்டி நடக்கிறது என்றும், பேசுகிறவளைக் கூட்டிக்கொண்டு இன்னோர் ஆசிரியை குரோம்பேட்டைக்குக் கிளம்பிவிட்டார் என்றும் மேடம் சொன்னார். இரவு கரண்ட் வந்ததும் அந்தப் பெண் அத்தாவை டிவி போடச் சொல்லி, செய்தியைக் கடைசி வரை பார்த்திருக்கிறாள். காலையில் தோழிக்கும் போன் செய்திருக்கிறாள். "சாரே லீவுன்னு சொல்லிட்டாரு. உனக்கு அவரைவிடத் தெரியுமாடீ?" என்று சொல்லித் தோழி போனை வைத்துவிட்டாளாம்.

ரயிலைப் பிடித்து ஓடினேன். நான் அரங்கத்தின் பின்வாசலில் நுழைந்தபோது எங்கள் காக்காய் திரையில் இருந்தது. அந்தப் பெண் ஒரு கையால் மவுஸைத் தட்டிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். படங்கள் முன்னும் பின்னுமாக வந்தன. அவள் அசரவில்லை. பாவாடை தாவணிப் பிள்ளைகள் நிறைந்த அந்த அரங்கம் சிரித்துக்கொண்டே இருந்தது. திடீரென்று அத்தாவின் செல்போனை எடுத்து, ஒரு எஸ்.எம்.எஸ்ஸைப் படித்தாள். என்னுடையதுதான்.

"இதை அனுப்புனவர் எங்களுக்கு ரொம்ப வேண்டியவர். ரொம்ப நல்லவர். பொய் சொல்றவரே இல்ல. அதனாலதான் எங்க கிளாஸ்ல பாதிப் பேரு இப்ப வூட்ல கீறாங்க."

கூரை அதிர்ந்தது. நானும் சிரித்தேன்.

முடிந்ததும் நடுவர் ஒருவர், காக்காயை வரைந்தது யார் என்று கேட்டார். இவ்வளவு உயிரோட்டமான படத்தை மவுஸில் வரைவது கஷ்டம், அந்த மாணவியைப் பார்க்க வேண்டும் என்றார்.

"என் ஃப்ரெண்ட் சார். அவ வரல."

"ஏன் வரல?"

அவள் கண்கள் பின்வரிசையில் என்னைக் கண்டுபிடித்தன. சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "மெசேஜ் வந்துச்சு சார்" என்றாள். அரங்கம் மறுபடியும் சிரித்தது. இந்த முறை என்னால் சிரிக்க முடியவில்லை. எழுந்து, அனுப்பியவன் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கைதட்டலில் ஒளிந்துகொண்டேன்.

எங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. மறுநாள் வகுப்பில் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். படம் வரைந்தவளைப் பார்த்துத் தனியாக இன்னொரு முறை கேட்டேன். அவள் எழுந்து, "பரவால்ல சார். எங்கம்மா மழைக்கு பஜ்ஜி போட்டாங்க. தட்டை வச்சுக்கினு வாசல்லயே குந்தினு இருந்தேன், மழைதான் வரல" என்றாள். அந்த வருடத்தில் அவள் வகுப்பில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். பெஞ்சுகளைத் தட்டிச் சிரித்தார்கள்.

அதோடு விடவில்லை. என்னைக் கரும்பலகைப் பக்கம் நிற்க வைத்து விசாரணை தொடங்கினார்கள். அந்த நண்பர் யார் சார், அவர் எந்த ஏரியா சார், "சென்னையில்"னு இருந்ததை "நமக்கு"ன்னு மாத்துனது யாரு சார்? திணறித் திணறிப் பதில் சொன்னேன். நண்பர் அனுப்பியதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை, அதைப் பொய்யாக்கியது என் அவசரம் என்று முடிவானது. முப்பது வருடத்துக்கும் மேலாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். அவ்வளவு சந்தோஷமான வகுப்பு இன்னொன்று நினைவில்லை.

கேள்வி கேட்ட பெண்ணை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமைதான். ஆனால் என் பேச்சைத் தட்டாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாளே, அவள் நினைவு வரும்போதெல்லாம், என்னை நம்புகிறவர்களிடம்தான் நான் அதிகக் கவனமாகப் பேச வேண்டும் என்று தோன்றுகிறது.