துகள் இல்லாத கணக்கு

எங்களுக்குத் திருமணம் நடந்த 1993ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் பூமிக்கடியில் கட்டிக்கொண்டிருந்த ஒரு மாபெரும் இயந்திரத்தைப் பாதியில் கைவிட்டார்கள். செய்தியைப் படித்த என் கணவர் நாளிதழை மடித்து வைத்துவிட்டு, "இன்னும் இருவது வருஷம் ஆவும்" என்றார். அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். இயற்பியலில் எனக்கு அறிமுகமே கிடையாது. புது மாப்பிள்ளையின் முகம் வாடியது புரிந்தது. அந்த வாட்டத்தினூடே சிறிது நிம்மதியும் தெரிந்ததுதான் புரியவில்லை.

பொருள்களுக்கெல்லாம் நிறை எப்படி வந்தது என்பது அவருடைய துறையின் பெரிய கேள்வி. அதற்குக் காரணமான துகள் ஒன்று இருக்கிறது, போதிய வலிமையுள்ள இயந்திரம் கட்டினால் அகப்படும் என்று பெரும்பாலானோர் நம்பினார்கள். அப்படியொரு துகளே தேவையில்லை, இதுவரை அறியப்படாத ஒரு விசை அந்த வேலையைச் செய்துவிடும் என்று கணக்குப் போட்ட சிலரில் இவரும் ஒருவர். இயந்திரம் வந்துவிட்டால் இரண்டில் ஒன்று தெரிந்துவிடும். அது வராதவரை இவரைச் சரியென்று சொல்லவும் ஆளில்லை, தவறென்று சொல்லவும் ஆளில்லை.

வெளிநாட்டில் சில ஆண்டுகள் தற்காலிகப் பதவிகளில் இருந்தார். கிளியனூரில் மாமனார் பக்கவாதத்தில் விழுந்ததும் திரும்பி வந்தார். மாமனார் காலமாகி, மாமியாரும் எங்களோடு வந்து சேர்ந்தபோது, அரசு வேலைக்கான வயது வரம்பு இவருக்குக் கடந்திருந்தது. தனியார் கல்லூரி ஒன்றின் நேர்காணலில், "ஒங்க ஆராய்ச்சியால ஜனங்களுக்கு என்னா யூஸு?" என்று கேட்டார்களாம். "இதுவரைக்கும் ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். அதன்பின் விழுப்புரத்தில் ஒரு டியூஷன் சென்டர். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல்.

ஆனாலும் கணக்கை விடவில்லை. விழுப்புரம் ரயிலுக்குக் கிளம்புமுன் விடியற்காலையில் மேசைமுன் உட்கார்ந்துவிடுவார். அந்தக் குறியீடுகளில் ஒன்றும் எனக்கு விளங்கியதில்லை. எழுதும்போது மட்டும் அவருடைய தோள்கள் தளர்ந்திருக்கும். மற்ற எந்த நேரத்திலும் நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"வேலைக்கிப் போறதுக்கு முன்னால இது ஒரு வேலையாடா?" என்பார் மாமியார். "ஒம் பொண்டாட்டி வச்ச கேப்பைக் கூழு ஆறிக்கினு கெடக்குது பாரு."

"இன்னும் ஒரு வரிம்மா."

அந்த ஒரு வரி முடிவதற்குள் கூழில் ஏடு படிந்துவிடும். தினமும் ஆறிய கூழைத்தான் குடித்துவிட்டுப் போவார்.

2012இல், ஐரோப்பாவில் கட்டிமுடித்த வேறொரு இயந்திரத்தில் அந்தத் துகள் அகப்பட்டது. தொலைக்காட்சியில் அறிவியலாளர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் திரையில் வந்த வரைபடத்தை மட்டும் அருகில் போய்ப் பார்த்தார்.

"கெடச்சிடுச்சி. நல்லா செஞ்சிருக்காங்க. சந்தேகமே இல்ல."

"அப்போ உங்க கணக்கு தப்பாங்க?"

"கணக்குல தப்பு இல்ல. ஒலகம் அப்பிடி இல்ல, அவ்ளோதான்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கசப்பு இல்லை. இருந்திருந்தால் என்னால் ஏதாவது ஆறுதல் சொல்ல முடிந்திருக்கும்.

மறுநாளே டியூஷன் சென்டர் உரிமையாளர் போனில் கூப்பிட்டார். நல்ல மனிதர், இவரைவிட இளையவர். "சார்! கடவுள் துகளாமே! நம்ம சார் சப்ஜெக்டாச்சே! ஒரு ஃபங்ஷன் வச்சிடலாம் சார். மேடத்தையும் இட்டுக்கினு வாங்க."

போனோம். விழுப்புரம் ஜங்ஷனை விட்டு வெளியே வந்ததும் எதிரில் ஆளுயர ஃபிளக்ஸ். இவருடைய பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் பெரிதாக்கி, பக்கத்தில் அந்த இயந்திரத்தை நிறுத்தி, 'கடவுள் துகளைக் கண்டறிந்த எங்கள் ஆசானே!' என்று அச்சடித்திருந்தார்கள். அடியில், 'அட்மிஷன் நடைபெறுகிறது'.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, சென்டர் வாசலில் மாலையோடு நின்ற உரிமையாளரிடம் மெல்லச் சொன்னார்: "நான் கண்டுபுடிக்கலைங்க. நான் அதுல எதிர்க்கட்சி."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எதிர்க்கட்சின்னாலும் அதே சட்டசபைதானே சார்? பேஜாரு பண்ணாதீங்க. ஃபிளக்ஸு அடிச்சாச்சு, ஜனம் வந்துடுச்சு. ஜல்தி மேல வாங்க."

இவர் மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் பேசினார். அந்தத் துகள் என்ன, அதை எப்படிப் பிடித்தார்கள், இத்தனை காலம் ஏன் பிடிபடவில்லை என்று ஒவ்வொன்றாக விளக்கினார். பல ஆண்டுகளாக அதை இல்லையென்று எழுதிவந்த மனிதர், அது இருக்கிறது என்பதை அவ்வளவு அழகாகச் சொன்னார். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள்.

முடிந்ததும், மரக்காணத்திலிருந்து வரும் ஒரு பெண் எழுந்தாள். "சார், ஒருவேள அது கெடைக்காமப் போயிருந்தா என்னா சார்?"

அறை முழுவதும் சிரிப்பு. "ஏம்மா, கெடச்சதுக்குத்தான் ஃபங்ஷனே!" என்றார் உரிமையாளர்.

இவர் சிரிக்கவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி ஒரு வரி எழுதினார். பொருள் தெரியாவிட்டாலும் அந்த வரியை எனக்குத் தெரியும்; எங்கள் வீட்டு மேசையில் எத்தனையோ விடியல்களில் பார்த்திருக்கிறேன். அவருடைய தோள்கள் தளர்ந்தன. அடுத்த வரிக்குப் போய்விடுவார் என்றே நினைத்தேன். யாரும் அவரிடம் இதுவரை கேட்டிராத கேள்வி. அவரிடம் இருந்ததெல்லாம் அதற்கான பதில்தான். சாக்பீஸ் பலகையருகே வெறுமனே நின்றது. பிறகு எழுதியதை உள்ளங்கையாலேயே துடைத்தார்.

"நல்ல கேள்விம்மா" என்றார். "ஆனா, கெடச்சிடுச்சி."

மறுநாளும் வழக்கமான நேரத்தில் எழுந்து மேசைமுன் உட்கார்ந்தார். நான் கூழை வைத்தேன். கிண்ணத்தைக் கீழே வைத்த உடனே கையில் எடுத்துவிட்டார்.

மாமியாருக்கு ஒரே மகிழ்ச்சி. "பாத்தியாம்மா, இன்னிக்கித்தான் சூடா குடிக்கிறான்" என்றார்.