கைராசியும் இரண்டு துளிகளும்

படித்து வாங்க வேண்டிய பட்டம் கைக்கு வருவதற்கு முன்பே எங்கள் ஆய்வகத்தில் எனக்கு ஒரு பட்டம் கொடுத்துவிட்டார்கள்: கைராசிக்காரி. நாங்கள் குடியிருக்கும் உப்பளம் பகுதியில் தெருக் கடைக்காரர்கள் முதல் போணிக்குக் கூப்பிடுகிறவர்களைத்தான் அப்படிச் சொல்வார்கள். எனக்கு அது கிடைத்தது கொழுப்புத் தோல் செய்ததற்காக.

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய கொழுப்புத் தோல் இருக்கிறது. ஒரு மருந்து அதில் ஓட்டை போடுமா என்று பார்க்க, அதே மாதிரி ஒரு தோலைச் செயற்கையாகச் செய்ய வேண்டும். கொழுப்பு கலந்த எண்ணெயில் இரண்டு நீர்த்துளிகளை விட்டால், கொஞ்ச நேரத்தில் ஆளுக்கொரு கொழுப்புச் சட்டை போட்டுக்கொள்ளும். பிறகு மெதுவாக நகர்த்தி ஒட்டவைத்தால் நடுவில் தோல் உருவாகிவிடும். கை லேசாக நடுங்கினாலும் போச்சு, இரண்டும் கலந்து ஒரே துளியாகிவிடும்.

என் கை நடுங்காது. அதனால் வந்த அதிகாரம் கொஞ்சநஞ்சமல்ல. நான் உட்கார்ந்து "அசையாதீங்க" என்றால் விசிறி, ஏசி எல்லாம் நிற்கும். தும்மல் வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுவார்கள். கதவை அறைந்து சாத்துவது கொலைக்குற்றம். தெருவில் மீன் வண்டி ஹாரன் அடித்தால் ஜன்னல் வழியாக முறைப்பேன். எனக்கு வழிகாட்டியான பேராசிரியர், எங்கள் மேடம், அவரே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் என்னைத் தாண்டிப் போவார். வீட்டில் நெய் ஊற்றும்போதும் ஒருநாள் "அசையாதீங்க" என்று சொல்லி, "இது லேப் இல்ல, தோசை" என்று கணவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒருநாள் மேடம், "ஒண்ணொண்ணா கையால பண்ணிட்டிருந்தா எப்பம்மா முடிக்கிறது? மெஷின்ல போட்டுடலாம்" என்றார். அந்த மெஷினையும் நானே செய்ய வேண்டுமாம். எனக்கு வயிறு எரிந்தது. அது ஒழுங்காக ஓடிவிட்டால் அப்புறம் கைராசிக்காரியை யார் தேடப்போகிறார்கள்?

செய்தேன். உள்ளங்கையில் அடங்கும் ஒரு வில்லை, அதற்குள் தலைமுடி அகலத்தில் கால்வாய்கள். பம்பு எண்ணெயையும் நீரையும் தள்ள, நீர் தானாகத் துளித்துளியாக வெட்டுப்பட்டு, சின்னக் குழிகளில் ஜோடி ஜோடியாகப் போய் உட்கார வேண்டும்.

காலையில் ஏசி காற்றில் பம்பின் வேகத்தைச் சரிபார்ப்பேன். துளிகள் அச்சில் வார்த்ததுபோல் வரும். தோல் செய்கிற நேரம் வந்ததும் எழுந்து நின்று, வழக்கப்படி "அசையாதீங்க" என்பேன். ஏசி நிற்கும், எல்லோரும் வியர்த்து வழிந்து நிற்பார்கள். துளிகளோ பெருத்தும் சிறுத்தும் வந்து, குழிகளைத் தாண்டி ஓடிவிடும். "மெஷினுக்குக் கைராசி இல்ல, மேடம்" என்று முகத்தைத் தொங்கப்போட்டுச் சொல்வேன். உள்ளுக்குள் குத்தாட்டம்தான்.

கத்திரி வெயில் நாள் ஒன்றில் மெஷின் மறுபடி சொதப்பியது. ஓடுவதை ஓடட்டும் என்று விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் ஜில்லென்று காற்று. புழுக்கம் தாங்காமல் மேடம் ஏசியைப் போட்டிருக்கிறார். யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள், மேடம் செருப்புக் காலோடு நடக்கிறார். நுண்ணோக்கியின் திரையில் துளிகள் ஜோடி ஜோடியாக, வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. எல்லா ஜோடிக்கும் நடுவில் தோல்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. குளிரில் வேகத்தைச் சரிபார்த்துவிட்டு, வேலை நேரத்தில் ஏசியை நிறுத்தி எண்ணெயைச் சூடாக்கியவள் நான். சூட்டில் எண்ணெய் இளகும் என்பது தினமும் அடுப்படியில் நிற்பவளுக்குத் தெரியாதா? மெஷினைக் கெடுத்ததே என் "அசையாதீங்க"தான்.

இருந்தும் பழக்கம் விடவில்லை. "அசையாதீங்க!" என்று கத்தினேன். ஒருவரும் நிற்கவில்லை. மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "உள்ள வாம்மா, கதவ சாத்து. ஏசி வெளிய போவுது" என்றார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், நான் செய்த மெஷின்தானே. அழுகைதான் வந்தது. அந்த ஆய்வகத்தில் முதல்முறையாகக் கதவை அறைந்து சாத்தினேன், ஜன்னலெல்லாம் அதிரும்படி. சாத்திவிட்டு ஆசையோடு திரையைப் பார்த்தேன்.

ஒன்றுகூட உடையவில்லை.