வாசலில் யாரும் நிற்கவில்லை

அழுகைப் பாட்டை ஓட்டமா ஓட்டிப் பாடி, அதுக்குக் கைதட்டலும் வாங்கிக்கிற தொழில் எங்களுது. புளூகிராஸ்னு பேரு. அமெரிக்காவுல மலைக்காட்டு ஜனங்க பாடுற சங்கீதம். பேஞ்சோ, வயலின், கிதார் இருக்கும், டிரம்ஸ் கிடையாது. எல்லாரும் ஒரே மைக்கைச் சுத்தி நிப்போம். யார் முறையோ அவங்க முன்னால வரணும், மத்தவங்க ஒதுங்கணும். நாங்க மூணு பேர். பேஞ்சோ வாசிக்கிறது நான், சேகர். வயலின் ரவி, குன்னூர்ல தேயிலை ஏல ஆபீஸ்ல வேலை. கிதாரும் குரலும் ஸ்டெல்லாக்கா, சர்ச் கொயர்ல பாடிப் பழகினவங்க. சனிக்கிழமை சாயங்காலம் குன்னூர்ல ஒரு ஹோட்டல் புல்வெளியில, டூரிஸ்ட்டுங்க டீ குடிக்கிற நேரத்துக்கு வாசிப்போம். பாட்டெல்லாம் தமிழ்ல, எங்க சொந்தப் பாட்டு. கட்டுறது நான்.

அடுத்தவங்க ஊட்டுக் கதையை எழுதப் போய் வாங்கிக் கட்டிக்கிட்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தா, வாங்க, பக்கத்துல உக்காருங்க. நான் வாங்கினதுல பெருசு ஒண்ணு இருக்கு. புருஷன் போனதுக்கப்புறம் ஸ்டெல்லாக்கா எட்டு மாசம் பாடலை. அவங்களைத் திரும்பப் பாட வைக்கிறேன்னு நான் ஒரு பாட்டு கட்டப் போய், அந்தக் குரலே இனிமே கிடைக்காதுங்கிற நிலைமைக்குக் கொண்டு வந்துட்டேன். அதைச் சொல்றதுக்கு முன்னாடி, சின்னச் சின்னதா மூணு.

பனி

ரவிக்குப் பள்ளத்துல ஒண்ணரை ஏக்கர் தேயிலை. ஒரு ஜனவரியில உறைபனி விழுந்து, வெயில் வந்ததும் அத்தனையும் வறுத்து வச்ச மாதிரி கருகிப் போச்சு. மனுசன் ஒவ்வொரு செடியா தொட்டுப் பாத்துட்டு வந்து, என் ஊட்டுல உக்காந்து ஒரு மணி நேரம் வயலின் வில்லுக்குப் பிசின் தேய்ச்சான். அதைத்தான் பாட்டாக்கினேன்.

மேடையில ரவி அந்தப் பாட்டுக்கு வாசிக்கும்போது கண்ணை மூடிக்குவான். முடிஞ்சதும் முன் வரிசையிலிருந்து ஒரு அம்மா ஓடி வந்தாங்க. அழுதிருப்பாங்கன்னு நெனச்சு நான் பணிவா நின்னேன். அவங்க கேட்டது: "பனி நாளைக்கும் விழுமாங்க? எங்க குழந்தைங்க பாத்ததே இல்ல!"

அக்கரை

எங்கப்பா இலங்கைத் தோட்டத்துல பொறந்தவர். பன்னெண்டு வயசுல கப்பலேறி வந்து, கீழ் கோத்தகிரி எஸ்டேட்டுல ரிட்டயர் ஆகுற வரைக்கும் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டினார். கட்டிக் குடுத்த அவரோட அக்கா அங்கேயே நின்னுட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பாத்துக்கவே இல்ல. இந்த மாதிரி சமாச்சாரம் கெடைச்சா பாட்டுக் கட்டுறவன் சும்மா விடுவானா? "கரையில நின்னு அக்கா கையசைக்க, கப்பல் நகர்ந்துச்சே"ன்னு ஆரம்பிச்சு நாலு சரணம் கட்டிட்டேன். கேட்டவங்க எல்லாரும் மூக்கை உறிஞ்சினாங்க.

அப்பாவை உக்கார வச்சுப் பாடிக் காட்டினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "கப்பல்ல என்னப்பா நெனச்சீங்க?"ன்னு கேட்டேன். "என்னத்தை நெனைக்கிறது, வழியெல்லாம் வாந்தி"ன்னார். அப்புறம் சொன்னார்: "பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா அக்கா எங்கடா கரைக்கு வந்துச்சு? லயத்து ஊட்டுல இருந்து நாங்க கிளம்பறப்ப அது வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுல நின்னுச்சு, லீவு குடுக்கல."

அன்னிக்கே எனக்குப் புத்தி வந்திருக்கணும். வரலை. கையசைக்க ஆளில்லாட்டி பாட்டு நிக்காதுன்னு நெனச்சுட்டேன்.

கல்யாணம்

வெடிமருந்துத் தொழிற்சாலையில வேலை பாக்கிற ஒருத்தர், கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், தன் பொண்ணு ரிசப்ஷனுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். ஸ்டெல்லாக்கா அப்ப பாடிட்டிருந்த காலம். முதல் பாட்டுல பாறை உருண்டுச்சு. ரெண்டாவதுல ஆத்துல ஆள் போச்சு. மூணாவது பாட்டுக்கு அக்கா வாயைத் திறக்கறதுக்குள்ள பொண்ணோட அப்பா மேடை ஏறி, வேட்டியை ஒரு கையில புடிச்சுக்கிட்டு, ரொம்ப மரியாதையா என் காதுல கேட்டார்: "ஏனுங்க, உங்க பாட்டுல ஒருத்தராவது உசுரோட இருக்காங்களா?"

வழியனுப்பின பாட்டு

ஸ்டெல்லாக்கா ஊட்டுக்காரர் ஜான்சன் குந்தாவுல கரண்ட் ஆபீஸ் லைன்மேன். போன வருசம் ஆடி மழையில, கம்பி அறுந்து கெடக்குன்னு போன் வந்து போனவர் மேல ரோட்டோரத்துல நின்ன மரம் சாஞ்சிருச்சு. அவ்வளவுதான். அக்கா கிதாரை உறையில போட்டு பீரோ மேல ஏத்திட்டாங்க. எட்டு மாசம். நாங்க வேற பாடகர் தேடலை, தேடவும் மனசு வரலை. ரெண்டு பேரா வாசிச்சோம். அவங்க முறை வர்ற இடத்துல பழக்க தோஷத்துல நானும் ரவியும் ஒதுங்கி நிப்போம். மைக் முன்னால ஆளே இருக்காது. ஜனங்க எங்களை ஒரு மாதிரி பாப்பாங்க.

அப்பத்தான் நான் ஜான்சன் மேல பாட்டுக் கட்டி எடுத்துட்டுப் போனேன். "வாசல்ல நின்னு நான் வழியனுப்பிச்சேன், வளைவு தாண்டும்வரை பாத்திருந்தேன்." அக்கா தாளை வாங்கிப் படிச்சாங்க. அப்புறம் ஸ்டூல் போட்டு ஏறி கிதாரை எறக்கினாங்க. எனக்கும் ரவிக்கும் தரையில கால் பாவலை. ஆகா, ஜெயிச்சுட்டோம்டான்னு அவன் என்னைக் கட்டிப் புடிச்சான்.

ரெண்டு சனிக்கிழமை பாடினாங்க. ரெண்டாவது சனிக்கிழமை ஒரு வயசான அம்மா வந்து அக்கா கையை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, "கடைசியா முகம் பாத்து அனுப்பி வச்சீங்களே, அந்தப் புண்ணியம் போதும் கண்ணு"ன்னாங்க. அக்கா கையை உருவிக்கிட்டு, கிதாரைக்கூட எடுக்காம நடந்தே ஊட்டுக்குப் போயிட்டாங்க.

மறுநாள் நான் கிதாரைக் கொண்டு போனேன். உள்ளே வச்சுட்டுப் போன்னாங்க. நான் போகலை. அப்புறம் அவங்களே சொன்னாங்க. சமவெளிக்கு மாத்தல் வாங்குங்கன்னு அக்கா, மாட்டேன்னு அவர். அந்தச் சண்டையில ரெண்டு நாளா பேச்சே இல்ல. மரம் சாஞ்ச அன்னிக்குக் காலையில அவர் வாசல்ல நின்னு, "ஸ்டெல்லா, வரேன்"ன்னு குரல் குடுத்திருக்கார். அக்கா சமையக்கட்டுல பாத்திரம் கழுவிட்டிருந்தாங்க. "கேட்டுச்சு சேகரு. கேட்காத மாதிரி குழாயை இன்னும் வேகமாத் தொறந்து விட்டேன். திரும்பிக்கூடப் பாக்கலை."

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். எங்கேயாவது ஓடிப் போயிடலாமான்னு இருந்துச்சு. வரியை மாத்திடறேன்க்கா, பாட்டையே தூக்கிடறேன்க்கான்னு என்னென்னமோ உளறினேன். அக்கா கோபமே படலை. "இனிமே என்னைக் கூப்பிடாதே. உம் பாட்டுல வாசல்ல நிக்கிறாளே, அவளைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு."

ஜியில ஆரம்பி

நான் கூப்பிடலை. மூணு வாரம் கழிச்சு அவங்களாவே வந்தாங்க. கிதாரைச் சுருதி சேத்துட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி மைக்கிட்ட நின்னாங்க. அந்தப் பாட்டு எங்க லிஸ்ட்டுல இல்ல, நான் எப்பவோ கிழிச்சுப் போட்டாச்சு. ரெண்டு பாட்டு முடிஞ்சதும் அக்கா ஒரு அடி முன்னால வந்து, "ஜியில ஆரம்பி"ன்னாங்க. எங்க சங்கீதத்துல பாடுறவங்க சுருதி சொல்லிட்டா வாசிக்கிறவன் கேள்வி கேட்கக்கூடாது. ஆரம்பிச்சேன். அக்கா எடுத்த முதல் வரியிலயே என்ன பாட்டுன்னு தெரிஞ்சு போச்சு. கொஞ்சம் மெதுவாப் போகலாம்னு இழுத்தேன். அக்கா தரையில காலைத் தட்டி, ஓட்டுடான்னு கண்ணைக் காட்டினாங்க.

வாசல்ல நிக்கிற என் வரி வர்ற இடம் வந்துச்சு. "வரேன்னு சொன்னாரு, நான் திரும்பல. குழாயில தண்ணி ஓடுச்சு, நான் நிறுத்தல"ன்னு பாடினாங்க. அடுத்த வரியை நானும் ரவியும் சேந்து பாடணும். ரவி எப்படியோ பாடிட்டான். நான் வாயை மட்டும் அசைச்சேன். கீழே ஜனங்க தாளம் பிசகாம கைதட்டுறாங்க, ரெண்டு குழந்தைங்க புல்வெளியில சுத்திச் சுத்தி ஆடுது. அக்கா குரல் ஒரு இடத்துலயும் உடையலை. உடைஞ்சிருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்.

பாட்டு முடிஞ்சதும், "இப்படி ஆடுறாங்களேக்கா, கஷ்டமா இல்லையா?"ன்னு கேட்டேன். "நான் செய்யாததுக்குக் கையைப் புடிச்சுப் பாராட்டினாங்களே, அதுக்கு இது எவ்வளவோ தேவலை"ன்னாங்க.

அதுக்குள்ள ஆடிட்டிருந்த குழந்தைங்களோட அப்பா, கையில டீயோட, மூச்சு வாங்கச் சிரிச்சுக்கிட்டே வந்தார். "மேடம், அந்தத் தண்ணிப் பாட்டு செம ஜாலியா இருந்துச்சு. பசங்க கேக்குறாங்க, இன்னொரு தடவை பாடுவீங்களா?"

அக்கா கிதார் வாரை மறுபடியும் தோள்ல மாட்டினாங்க. "பாடறேனுங்க. எத்தனை தடவை கேட்டாலும் பாடறேன்."

எங்க பாட்டுல வர்ற துக்கமெல்லாம் அடுத்தவங்களுது, பொய் மட்டும்தான் என் சொந்தச் சரக்கு.