அம்மா ஓட்டிய ஹெரால்ட்

புனேயின் கோந்த்வாவில் எங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தார்ப்பாய் போர்த்திய கார் ஒன்று பல வருடங்களாகக் கிடந்தது. அதன் சொந்தக்காரர் காலமாகிவிட்டார், மகன் வெளிநாட்டில். மாதக் கடைசிக்குள் பழைய இரும்பு வாங்கும் பங்கார்காரனை வரச்சொல்லி உடைக்கக் கொடுத்துவிடப் போவதாகச் சங்கத்தில் நோட்டீஸ் ஒட்டிய அன்று, காலையில் பால் வாங்கப் போன அம்மா வெகுநேரம் திரும்பவில்லை. தேடிக்கொண்டு இறங்கினேன். தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“இது ஹெரால்ட் கண்ணு. முன்பக்கம் மொத்தமும் முதலை வாயாட்டம் தொறக்கும். இத நாம ஓட வெச்சா என்ன?”

அம்மா ஓய்வு பெற்று அப்போது நான்கு மாதம். கார் ஓட்டத் தெரியாது. எனக்கு ஹிஞ்சேவாடியில் மென்பொருள் வேலை. அதற்கு வெளியே எதையாவது தொடங்கிப் பாதியில் விடுவது பழக்கம். யோசிக்காமல் சரி என்றேன். அப்பா மட்டும், “ஓடலைன்னா?” என்று கேட்டார். “ஓடலைன்னா ஏன் ஓடலைன்னு தெரிஞ்சுக்கலாமுங்க” என்றார் அம்மா. வெளிநாட்டிலிருந்த மகன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

அம்மா பிறந்தது கோயம்புத்தூர் சிங்காநல்லூரில், பஞ்சாலைத் தொழிலாளி வீட்டின் மூன்றாவது பெண்ணாக. ஆலை டாக்டர் ஒரு ஹெரால்டில் வருவாராம். ஒருநாள் அதன் மூடியைத் திறந்து, மெக்கானிக் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் நின்றபடி வேலை செய்ததைப் பார்த்துப் பள்ளிக்கு நேரமானதை மறந்துவிட்டதாகச் சொல்லுவார். வேதியியல் படித்தார். பாதுகாப்புக் கணக்குத் துறையில் இருந்த அப்பாவைத் திருமணம் செய்து புனே வந்தபோது இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. பிம்ப்ரியில் ஒரு மருந்து ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரை அங்கேதான். அப்பா முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு எட்டு மாதம் படுத்திருந்தபோது, ஷிப்டும் பார்த்து, அவரையும் பார்த்து, எனக்குக் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அன்பானவர், பொறுமைசாலி என்று எழுதலாம், உண்மைதான். ஆனால் அம்மாவுடன் வேலை பார்த்தவர்களுக்கு வேறொன்றுதான் முதலில் நினைவு வரும். அம்மா எல்லாவற்றையும் எழுதிவைப்பார். எழுதியது தப்பென்றால் அழிக்கமாட்டார், கிறுக்கமாட்டார். குறுக்கே ஒரே ஒரு கோடு. கீழே இருப்பது படிக்கத் தெரியவேண்டும். பக்கத்தில் சரியானது, தேதி, கையெழுத்து. ஆய்வுக்கூடத்துச் சட்டம் அது. எங்கள் வீட்டு மளிகைச் சீட்டுக்கும் அதே சட்டம்தான்.

காருக்கும் அப்படியே நடந்தது. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் ஒரு காலி மாத்திரைக் குப்பிக்குள் போனது. மேலே அம்மாவின் குண்டு எழுத்தில் தமிழ்ச் சீட்டு. கோந்த்வாவில் பட்டறை வைத்திருக்கும் முஷ்தாக் பாய்க்கு அதில் ஒரு வரி படிக்க வராது. “ஆண்ட்டி, நீங்க இல்லாம ஒரு நட்டுகூட மாட்ட முடியல” என்று இந்தியில் புலம்புவார். அதுதான் வேண்டும் என்பதுபோல அம்மா சிரித்துக்கொள்வார்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் ஞாயிறு காலையில் ஒரு மிசல் பலகாரக் கடையில் கூடுவார்கள் என்று கேள்விப்பட்டு அம்மாவை இழுத்துக்கொண்டு போனேன். எல்லாரும் ஆண்கள். கிண்டல் செய்வார்களோ என்று எனக்கு உதறல். எல்லாரும் காக்கா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடும் ஓய்வு பெற்ற பொறியாளர் குல்கர்ணி, இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா நோட்டைத் திறந்து நீட்டினார். தமிழ் புரியாவிட்டாலும் படங்களும் அளவுகளும் புரிந்தன. நான்கு பக்கம் புரட்டியவர், மிசல் ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்றிலிருந்து அம்மா அவர்களுக்கெல்லாம் வஹினி, அண்ணி. ஒருவர் கதவு ரப்பர் அனுப்புவார், ஒருவர் கார்பரேட்டரைப் பற்றி ஒருமணி நேரம் போனில் பேசுவார். இன்ஜின் முரண்டு பிடித்த மாதங்களில் காக்கா தினமும் மாலை கூப்பிட்டு, “நாளைக்கு ஓடும் வஹினி” என்பார். பதினான்காவது மாதம் ஓடியது. அதற்குள் அம்மா ஓட்டுநர் பள்ளிக்குப் போய், இரண்டாம் முயற்சியில் லைசென்சும் வாங்கியிருந்தார்.

இனி எழுதப்போவது என்னைப் பற்றியது. அம்மாவின் நினைவு மலரில் அம்மாவின் சட்டப்படிதான் எழுதவேண்டும்.

ஹெரால்டில் முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் கீழ் மூட்டு ஒன்று உண்டு. அதற்குக் கிரீஸ் வைக்கக்கூடாது, கியர் எண்ணெய்தான் விடவேண்டும் என்று காக்கா முதல் நாளே சொல்லியிருந்தார். அம்மா வாகன நிறுத்தத்துச் சுவரில் ஒட்டிய அட்டவணையிலும் இருந்தது. மழைக்காலம் தொடங்குமுன் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். எண்ணெய் விடும் பம்ப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை. கிரீஸ் துப்பாக்கி கையிலேயே இருந்தது. கெட்டியாக இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று இரண்டு பக்கமும் அடித்துவிட்டு, எண்ணெய் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அத்தோடு மறந்தும் போனேன்.

மழை முடிந்த முதல் ஞாயிறு, அம்மா முதன்முறையாகத் தாமே ஓட்டிக்கொண்டு மிசல் கடைக்கு வந்தார். எல்லாரும் வாசலில் நின்று கைதட்டினார்கள். உள்ளே திருப்பும்போது இடதுபக்கச் சக்கரம் மடங்கிச் சாய்ந்தது. நடக்கிற வேகம்தான், யாருக்கும் அடியில்லை. ஆனால் அம்மா ஸ்டியரிங்கை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். “நான்தான் ஜாஸ்தி ஒடிச்சுட்டேன்” என்றார்.

அதன்பிறகு அம்மா வீட்டிலிருந்து வாகன நிறுத்தத்துக்கு இறங்கவில்லை. நோட்டைத் திறக்கவில்லை. இந்த வயதில் வேண்டாத ஆசை என்று சொல்ல ஆரம்பித்தார். பங்கார்காரனுக்கே கொடுத்துவிடலாமா என்று அப்பா கேட்டதற்குத் தலையாட்டினார்.

மூன்றாவது வாரம் முஷ்தாக் பாயின் பட்டறையில் காக்கா அந்த மூட்டைக் கழற்றினார். கிரீஸ் மேலேயே கட்டிப்போயிருந்தது. அடியில் தண்ணீர் இறங்கி மரை முழுக்கத் துரு. விரலில் வழித்துப் பார்த்துவிட்டு என்னை ஏறிட்டார். நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று மராத்தியில் மெதுவாகக் கேட்டார்.

அம்மா சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். கத்தி நின்றது.

“டிக் போட்டிருந்தியே கண்ணு.”

“போட்டேம்மா.”

“கிரீஸ் அடிச்சது அவசரம். அத விட்டர்லாம். அடிச்சது கிரீஸுன்னு எழுதியிருந்தா, மறுநாளே பாத்து நான் மாத்தியிருப்பேன்ல?”

அழுதேன் என்று நினைக்கிறேன். அம்மா மிச்ச பீன்ஸையும் நறுக்கி முடித்தார். பிறகு ஹால் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: “ஏனுங்க, கேட்டீங்களா? நான் ஒடிக்கலையாமாங்க.”

அந்தக் குரலை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன். மூன்று வாரமாக அந்த மனுஷி எதைச் சுமந்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்று மாலையே கீழே இறங்கிவந்து, என் டிக்கின் மேல் என்னையே கோடு போடச்சொன்னார். பக்கத்தில் “கிரீஸ். தவறு” என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

கோலாப்பூர் நண்பர் ஒருவர், தம்முடைய காருக்கென்று பத்திரமாக வைத்திருந்த இரண்டு மூட்டுகளை எங்களுக்கு அனுப்பிவைத்தார். அடுத்த மாதம் அம்மா பிம்ப்ரி வரை ஓட்டிப்போய், ஷிப்ட் விடும் நேரத்தில் பழைய ஆலையின் வாசலில் நிறுத்தினார். ஆய்வுக்கூடத்துத் தோழிகள் வரிசையாக ஏறி இறங்கினார்கள். அதன்பின் ஒன்றரை ஆண்டு, நினைத்தபோதெல்லாம் ஓட்டினார்.

சென்ற ஆண்டு கல்லீரலில் நோய் என்று தெரிந்தது. ஐந்து மாதம். மாத்திரை நேரங்களையும் வலியையும் தாமே எழுதிக்கொண்டார். எழுத முடியாத கடைசி ஒன்பது நாட்கள் அப்பா எழுதினார். ஒரு காலை நேரத்தில், நாங்கள் இருவரும் பக்கத்தில் இருக்க, அமைதியாக மூச்சு நின்றது.

கேட்காமலே இரத்தம் கொடுத்த குல்கர்ணி காக்கா வீட்டுப் பிள்ளைகளுக்கும், மருத்துவமனைக்குச் சாப்பாடு சுமந்த முஷ்தாக் பாய் வீட்டாருக்கும், கோவையிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கிய பெரியம்மாவுக்கும் சித்திக்கும் நன்றி என்ற சொல் போதாது. போதாவிட்டாலும் எழுதிவைக்கிறேன்.

இந்த ஒரு வருடமும் வண்டியை நான் இன்ஜின் மட்டும் போட்டு நிறுத்தினேன். ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்து நகர்த்த எனக்கு மனம் வரவில்லை. போன வாரம் அப்பா, தமக்கு அறுபத்தாறு வயது ஆகிறது என்று எனக்கு ஞாபகப்படுத்திவிட்டு, கற்றுக்கொடுப்பாயா என்று கேட்டார். பயிற்சி லைசென்ஸ் வந்துவிட்டது. வருஷத் திதி முடிந்து வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, எங்கள் குடியிருப்புக்குப் பின்னாலுள்ள காலி மைதானத்தில் தொடங்குகிறோம். காக்கா தம் காரில் பின்னால் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குக் கிளட்சை மெதுவாக விடுவது இனிமேல்தான் பழகவேண்டும்; ஊருக்குத் திரும்புமுன் பார்க்க வரும் உறவினர்கள் தயவுசெய்து மதில் ஓரமாக நிற்கவும்.