பிள்ளையாருக்குத் தைத்த பனியன்

எங்கள் வீதிமுனை அரசமரத்தடிப் பிள்ளையாருக்குப் பூசாரி கிடையாது. மார்கழியில் விடியுமுன்பே வீதிப் பெண்கள்தான் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த வருஷம் பற்கள் தந்தியடிக்கும் குளிர்.

"ஏனுங்க, நாம ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு அவருக்குப் பச்சத்தண்ணி ஊத்தறமே, சாமிக்குக் குளிராதுங்களா?" என்று அம்மா ஒருநாள் அப்பாவிடம் கேட்டாள்.

அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கோயிலுக்குப் போனால் வெளியே நின்று எங்கள் செருப்புகளைக் காவல் காப்பதோடு அவருடைய பக்தி முடிந்துவிடும். "கல்லுக்கு என்ன குளிரு?" என்றார்.

அம்மா விடவில்லை. கம்பெனியில் கேட்டு மிச்சத்துணி வாங்கிவந்து, வீட்டு மெஷினில் முழுக்கைப் பனியன் ஒன்று தைத்தாள். வீதியே சிரித்தது. மறுநாள் குளிப்பாட்டித் துடைத்துவிட்டுப் போடப் போனால் சாமியின் தலை நுழையவில்லை. நுழைந்திருந்தாலும் பயனில்லை, அவருக்குக் கை நாலு. தினமும் கும்பிடுகிறவளுக்குத் தைக்கும்போது அது நினைவுக்கே வரவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மாவோ, "எம்பட துணி சாமிக்கு வேண்டாமாட்ட இருக்குது" என்று அழுதுவிட்டாள். அன்று அவள் சாப்பிடவும் இல்லை.

சாயங்காலம் அப்பா இஞ்ச் டேப்போடு கிளம்பினார். நானும் கூடப் போனேன். செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு மார்பு, தொந்தி, நாலு கை எல்லாம் அளந்தார்.

"தலைவழியா மாட்டறது ஆகாது கண்ணு. முதுகுல ஓப்பன் வெச்சு நாடா குடுக்கோணும். கைக்கும் நாடாதான். தும்பிக்கைக்குக் கொஞ்சம் துணி கூட வெச்சு அலவன்ஸ் உடோணும்" என்றார். டேப்பைச் சுருட்டிய பிறகும் கொஞ்சநேரம் அங்கேயே நின்றார்.

அவர் வெட்டிக் கொடுக்க, அம்மா தைத்தாள். மறுநாள் விடிந்தபோது பிள்ளையார் நீலப் பனியனில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். சிரித்தவர்களே வந்து செல்போனில் படம் எடுத்தார்கள். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கும் சந்தோஷம் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு மார்கழி முடியும்வரை, அப்பா வேலைவிட்டு வரும்போது மரத்தடியில் வண்டியை நிறுத்திவிடுவார். நாடாவை அவிழ்த்து இறுக்கிக் கட்டுவார். "இந்தப் பக்கம் காத்துப் பூந்துக்கும்" என்று முணுமுணுத்தபடி கழுத்துப் பக்கம் இழுத்துவிடுவார். கட்டிங்கில் ஏதோ பிசகு, அதைத்தான் யாருக்கும் தெரியாமல் சரிசெய்கிறார் என்று நினைத்து அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவின் வேலையில் பிசகு வந்ததற்கு இவளுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.