சாத்திய கதவுக்குள் ஸ்போக்கன் இங்கிலீஷ்

காலையில் ராஜபாளையத்தில் பள்ளி வேனில் ஏறுவேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை பிள்ளைகள் போடும் சத்தத்தில் காது கிழியும். பள்ளிக்கூட கேட்டைத் தாண்டியதும் கப்சிப். உள்ளே தமிழ் பேசக் கூடாது என்பது தாளாளர் போட்ட சட்டம். பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, எங்களுக்கும்தான். மாட்டிய பிள்ளை மறுநாள் பிரேயரில் எல்லாருக்கும் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். மாட்டிய ஆசிரியர் வேலையை விட்டுப் போக வேண்டும். ஒரு அறிவியல் டீச்சர் அப்படித்தான் போனார். நான் ஐந்தாம் வகுப்புக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் மிஸ். வீட்டுக்காரருக்கு வேலை போயிருந்தது, என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. வாயை மூடிக்கொண்டு உள்ளேயே கிடந்தேன்.

சட்டத்துக்குப் பயந்து பிள்ளைகள் இங்கிலீஷில் பொளந்து கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? பேச்சையே விட்டுவிட்டார்கள். தண்ணீருக்குக் கட்டைவிரல், பாத்ரூமுக்குச் சுண்டுவிரல், பென்சில் கேட்க இன்னொரு சைகை. வழியில் ஒரு கிராமத்தில் ஏறும் சிறுமி ஒருத்தி வேனில் ஓயாமல் பேசுவாள், வகுப்பில் விரலை மட்டும் ஆட்டுவாள். பட்டாளத்தில் இருந்த அவள் அப்பா லீவில் வந்தபோது நேரே என்னிடம் வந்து நின்றார்.

"டீச்சர், எம்புட்டு நாளா இங்க படிக்கா, இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை பேச மாட்டேங்காளே. பேரன்ட்ஸ் மீட்டிங்குல பேசலைன்னா ஊர்ப் பள்ளிக்கூடத்துலயே சேத்துருதேன்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தாளாளர் என்னைத்தான் முறைத்தார். அவள் போனால் நானும் போக வேண்டியதுதான் என்று புரிந்தது.

மறுநாள் வகுப்புக் கதவையும் ஜன்னலையும் சாத்தினேன். சொல்ல வந்ததை முதலில் தமிழில் குசுகுசுவென்று சொல்ல வேண்டும். எல்லாருமாகச் சேர்ந்து அதற்கு இங்கிலீஷ் தேடுவோம். கிடைத்ததைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். தப்பு வந்தால் நிறுத்த மாட்டேன், அதையே நான் சரியாக ஒருமுறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். வராந்தாவில் நடந்த தாளாளருக்கு இங்கிலீஷ் மட்டுமே கேட்டது, அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். உள்ளே எங்களுக்கு மூச்சு முட்டியது. மேலே மின்விசிறி பேருக்குச் சுற்றும், புடவை முதுகோடு ஒட்டும், என் கண் கதவடியில் தெரியும் செருப்பு நிழலிலேயே இருக்கும். சொந்த வகுப்பில் திருடியைப் போல நின்றது எனக்கு அசிங்கமாக இருந்தது. ஆனால் ஒருநாள் அந்தச் சிறுமி வாயைத் திறந்தாள். "கோட் ஈட் மை ரிப்பன், மிஸ்!" வீட்டு ஆடு ரிப்பனைத் தின்ற கதை. அன்றிலிருந்து அவளை நிறுத்த முடியவில்லை.

மீட்டிங் அன்று ஹால் நிறையப் பெற்றோர். அவள் ஆட்டுக் கதையை நிற்காமல் சொன்னாள். அவள் அப்பா நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். தாளாளருக்குத் தலைகால் புரியவில்லை. தன் சட்டத்துக்குத்தான் பெருமை என்று மைக்கை வாங்கி, இங்கிலீஷிலேயே, எப்படிம்மா பேசக் கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். நான் சொல்லிக்கொடுக்காத கேள்வி.

அவள் மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"மிஸ் க்ளோஸ் டோர், சார். ஃபர்ஸ்ட் ஸ்மால் வாய்ஸ், தமிழ். நெக்ஸ்ட் பிக் வாய்ஸ், இங்கிலீஷ்."

ஹால் கைதட்டியது. தாளாளர் தட்டவில்லை, என் பக்கம் திரும்பினார். வேலையை விட்டுப் போன அறிவியல் டீச்சர் நினைவுக்கு வந்தார். யாரும் எழுதிக் கொடுக்காமல், தானே யோசித்து அவள் சொன்ன பதில் அது. இதற்காகத்தானே அத்தனை நாள் வேர்த்து வழிந்தேன். சரியாகச் சொன்னேனா என்று கேட்பதுபோல் அவளும் என்னையே பார்த்தாள்.

"வெரி குட்" என்றேன், ஹாலுக்கே கேட்கும்படி.