ஆய்வகத்தில் மிஞ்சிய மீன்

கல்லூரி ஆய்வகத்தில் மீன் அறுப்பதும் என் வேலைகளில் ஒன்று. முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற ஒரு மாணவி, திருநெல்வேலிப் பக்கம் ஆற்றில் பிடித்த கெளுத்தியையும் சிலேபியையும் ஐஸ் பெட்டியில் வைத்துச் சங்கரன்கோவில் பஸ்ஸில் தூக்கி வருவாள். ஆற்றில் கலக்கும் ஈயமும் காட்மியமும் மீனுக்குள் எவ்வளவு சேருகிறது என்பது ஆராய்ச்சி. அவளுக்கு வேண்டியது செவுள், ஈரல், நகமளவு சதை. மீதியைப் புதைத்துவிடச் சொல்லியிருந்தாள்.

நான் புதைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனேன். நல்ல சதையை மண்ணில் போட எனக்கு மனம் வராது. கெட்டது இருந்தால் ஈரலில்தான் இருக்கும், அதைத்தான் அவள் எடுத்துக்கொண்டாளே என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். "வேண்டாததெல்லாம் எடுத்தாச்சு" என்று மனைவியிடமும் பெரிய விஞ்ஞானி மாதிரி சொன்னேன். ஒரு வருடம் குழம்பு ருசியாகத்தான் இருந்தது. வளைகாப்பு முடிந்து மகள் வந்த பிறகு தலையும் நடுத்துண்டும் அவளுக்குத்தான்.

வெளியூருக்கு அனுப்பிய மாதிரிகளின் முடிவு போன வாரம் வந்தது. மாணவி அந்தப் பட்டியலை அலமாரிக் கதவில் ஒட்டினாள். தூசி தட்டுகிற சாக்கில் படித்தேன். ஈரலில் அதிகம், செவுளில் அதிகம். சதையிலும் ஈயம் அளவுக்கு மேல் இருந்தது.

மீனை வீட்டில் சமைத்ததை அன்றே அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் முகம் வெளுத்துப் போனது.

"அண்ணாச்சி, நீங்க பொதைக்கீங்கன்னுல்லா நெனச்சேன்."

"கொதிக்க வச்சா போயிராதாம்மா?"

"ஈயம் எங்கன போகும் அண்ணாச்சி? வீட்ல யாரும் முழுகாம இருக்காங்களா?"

"மக. எட்டு மாசம்."

"டாக்டர்ட்ட சொல்லிருங்க. ரத்தத்துல பாக்கலாம்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு நடந்தேன். பயத்தைவிட அலுப்புதான் பெரிதாக இருந்தது, என்மேலேயே அலுப்பு. வீட்டில் மகள் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். நேற்றைய குழம்பைச் சுட வைத்திருந்தாள். சட்டியைத் தூக்கிக்கொண்டேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

மகள் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள், "டாக்டர்ட்ட யாரு சொல்லுவா? நீங்களா, நானா?"

"நாந்தாம்மா. நாளைக்குக் காலைல போவோம்."

குழம்பைக் கொட்ட வாசல் சாக்கடைக்குப் போனேன். அது குளத்தில் போய்ச் சேருகிறது. குளத்திலும் மீன் பிடிக்கிறார்கள். திரும்பிவந்து கொல்லையில் மண்வெட்டியை எடுத்தேன். ஒரு வருடத்துக்கு முன்னால் தோண்டியிருக்க வேண்டிய குழி. நாலு வெட்டுக்கே மூச்சு வாங்கியது.

மகள் வயிற்றில் கை வைத்தபடி கொல்லை வாசலில் வந்து நின்றாள்.

"ஆழமா தோண்டுங்கப்பா. பக்கத்து வீட்டு நாய் குட்டி போடப்போவுது, வந்து கெளறிரும்."